மீன் பெட்டியில் ஆலங்கட்டி

எங்கள் ஊரில் எதையும் சென்டிமீட்டரில் சொல்ல மாட்டார்கள். பாம்பு என்றால் முழங்கைத் தண்டி, உடம்பில் வந்த கட்டி என்றால் கொட்டைப்பாக்கு அளவு, கிணறு என்றால் ரெண்டு தென்னை மர ஆழம். நான் இலுப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தோராயமாக மதிப்பிடுக என்று ஒரு பாடம் வரும். அதை நடத்துகிற வாரம் மட்டும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். மேசையின் நீளம் என்ன இருக்கும் என்று கேட்டால், "ஒரு ஆள் படுக்கலாம் டீச்சர்" என்று பதில் வரும். ஆள் எவ்வளவு நீளம் என்று கேட்டால், எந்த ஆள் என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

இந்த ஊரில் மில்லிமீட்டரில் பேசுகிற ஒரே ஆண்பிள்ளை என் வீட்டுக்காரர்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தவர். குழாய்களின் கனத்தை அளந்து, இது சரி, இது தப்பு என்று பிரித்து வைப்பது அவர் வேலை. ஊர் திரும்பும்போது மற்றவர்கள் டிவியும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். இவர் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு வெர்னியர் கொண்டுவந்தார். இரண்டு இரும்புத் தாடைக்கு நடுவே பொருளை இடுக்கிப் பிடித்து அதன் குறுக்களவைச் சொல்லுகிற கருவி. வந்த புதிதில் வீட்டில் இருந்த அத்தனையையும் அளந்தார். ஒருநாள் நான் சுட்ட தோசையை அளந்துவிட்டு, "ஓரத்துல ஒரு கனம், நடுவுல ஒரு கனமா இருக்கே" என்றார். அன்று முதல் கொஞ்ச நாளைக்கு அவருக்கு உப்புமாதான். உப்புமாவை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஊரை ஒட்டி அன்னவாசல் பக்கம் எங்களுக்கு இருக்கிற நிலத்தில் போர் போட்டு வாழை வைத்தார். பழத்துக்காக இல்லை, இலைக்காக. இலையை அறுத்துக் கட்டுக் கட்டாகக் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போடலாம். கிழியாத இலைக்குத்தான் விலை. அதனால் அவர் தோப்புக்குள் நடப்பதே ஒரு மாதிரி இருக்கும். தோளைக் குறுக்கிக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, சின்ன வீட்டுக்குள் வந்த பெரிய விருந்தாளியைப் போல நடப்பார். என்னை உள்ளே விடவே மாட்டார். என் சேலை முந்தானை இலையில் படும் என்பார்.

இந்தக் கோடையில் சிங்கப்பூரிலிருந்து அவருடைய பழைய சிநேகிதர் போன் செய்தார். அதே பட்டறையில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள், வருவேன், வரமாட்டேன் என்று வாரக் கடைசிக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றார். இவர் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"வாழை நின்னா நானும் நிக்கிறேன். வாழை போச்சுன்னா நானும் போறேன்."

"ஒங்க இஷ்டம்" என்று சொல்லி ரசத்தை ஊற்றினேன்.

எனக்கு அவர் போகக் கூடாது. அதை இங்கே எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். அவர் கடல் தாண்டி இருந்த வருடங்களில், சாயங்காலம் ஆனால் டிவி சீரியலில் வருகிற மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டவள் நான். அந்த மாமியார் ஒருநாள்கூட எனக்குப் பதில் சொன்னதில்லை. மறுபடி அந்தப் பிழைப்பு வேண்டாம். ஆனால் போகாதீங்க என்று வாயைத் திறந்து சொல்லவும் மாட்டேன். கேட்டு வாங்குவது என்பது என் பிறவியிலேயே கிடையாது. எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம் என்று ஊரிலும் சொல்வார்கள், பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே வாழை நிற்க வேண்டும் என்று வாழையிடம் மட்டும் வேண்டிக்கொண்டேன். அதற்கு ரெண்டு நாள் கழித்துத்தான் ஆலங்கட்டி மழை வந்தது.

மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நாங்கள் தோப்பை ஒட்டிய மோட்டார் கொட்டகையில் இருந்தோம். மீன்காரர் ஒருவர் அப்போதுதான் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் மணமேல்குடிக்காரர். புதுக்கோட்டையில் தங்கி, வண்டியின் பின்னால் பெரிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவருவார். வழியில் டயர் பஞ்சர், அதனால் தாமதம், அதனால் பெட்டியில் பாதி மீன் அப்படியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேற்கே இருட்டியது. காற்று எழுந்தது. கொட்டகைத் தகரத்தில் யாரோ கல்லெறிவது போலச் சத்தம் கேட்டது.

சாதாரண மழை பெய்தால் ஊர் ஜனம் வீட்டுக்குள் ஓடும். ஆலங்கட்டி பெய்தால் வெளியே ஓடி வரும். ஆலங்கட்டியைத் தின்றால் உடம்புச் சூடு தணியும், வேர்க்குரு மறையும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. தலையில் அடி வாங்கிக்கொண்டு, ஆ ஆ என்று கத்திக்கொண்டு, குனிந்து குனிந்து பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. நானும் ரெண்டு தின்றேன். கணக்கு டீச்சருக்கும் வேர்க்குரு வரும்.

என் வீட்டுக்காரர் மட்டும் கொட்டகைக்குள் ஓடினார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது தலையில் அலுமினிய அண்டாவைக் கவிழ்த்திருந்தார். கையில் வெர்னியர். கட்டி ஒவ்வொன்றும் அண்டாவில் டங் என்று விழும்போது, உள்ளேயிருந்து "இது பெருசு", "இது சிறுசு" என்று குரல் வந்தது. அண்டா கண்ணை மறைத்ததால் முதலில் மீன்காரரின் வண்டியில் மோதினார். பிறகு உட்கார்ந்து ஒரு கட்டியை எடுத்து இடுக்கினார்.

"இருபத்தாறு. எழுதிக்க."

நான் எழுதுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

"இருபத்தஞ்சு."

"ஏங்க, ஒண்ணச் சொல்லுங்க."

"இருபத்துமூணு. நான் என்ன செய்ய, அது நிக்க மாட்டேங்குது."

இரும்புத் தாடை தகரக் கொட்டகையில் கிடந்த சூட்டில் ஆலங்கட்டி அவர் கண் முன்னாலேயே கரைந்தது. கடைசியில் தாடைக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது. அதற்கும் அளவு பார்த்தார்.

அப்போதுதான் வேலி ஓரத்தில் எல்லாவற்றிலும் பெரிய கட்டி ஒன்று விழுந்தது. நானும் பார்த்தேன். நல்ல கொழுத்த நெல்லிக்காய் அளவு இருக்கும். இவர் அண்டாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் இவருக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவர் நின்றார். பக்கத்து வாழைத் தோப்பு அவருடையது. எனக்கு அவர் மாமா முறை. மாமா சாவகாசமாகக் குனிந்து அதை எடுத்தார். துண்டில் துடைத்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

"சித்தப்பா, அதத் துப்புங்க" என்றார் இவர்.

மாமாவின் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. அவசரம் இல்லாமல் கடித்து முழுங்கினார்.

"நல்லாருக்கு தம்பி. லேசா மண்ணு வாசம்."

மழை வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் நாங்கள் தோப்புக்குள் போனோம். அன்றைக்கு என் முந்தானையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு இலை இல்லை. ஒவ்வொரு மரத்திலும் இலைகள் நார் நாராகத் தொங்கின. சில இலைகளில் துப்பாக்கி சுட்ட மாதிரி ஓட்டைகள். அண்டாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் ஒவ்வொரு மரமாகப் பார்த்தபடி போனார். நான் பின்னாலேயே போனேன். தோளைக் குறுக்காமல், கையை வீசி, சாதாரண மனிதரைப் போல அவர் நடந்தார். மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது.

மாமா வேலியைத் தாண்டி வந்தார். அவர் தோப்பும் அதே கதிதான். வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததாக ஒரு விஷயம் சொன்னார்.

"தம்பி, காத்துல கிழிஞ்சதுன்னு எழுதிட்டாங்கன்னா இன்சூரன்ஸ்ல ஒண்ணும் தேறாதாம். ஆலங்கட்டி விழுந்துச்சு, இன்ன சைஸ்ல விழுந்துச்சுன்னு நாம காட்டணுமாம்."

"அப்புறம் எதுக்கு மாமா அதத் தின்னீங்க" என்றேன்.

"அது மெசேஜ் பாக்கறதுக்கு முன்னாடி தின்னது ஆத்தா."

வாழைக்குக் காப்பீடு கட்டியிருந்தோம். காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுச் சேதத்தைச் சொன்னோம். அன்னவாசல் பக்கம் வேறு வயல்கள் பார்க்க நாளைக்கு ஆள் வருகிறது, உங்களையும் பார்த்துவிடச் சொல்கிறோம் என்றார்கள். நாளைக்கு ஆலங்கட்டிக்கு எங்கே போவது? இவர் உடனே மண்டியிட்டு இலைக் குப்பைக்குள் துழாவினார். ஒரு மரத்தடியில், அறுந்து விழுந்த இலைகளுக்கு அடியில், கரையாமல் ஒரு கட்டி கிடைத்தது. அதை என் மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடினார். புளியோதரை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வழித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தால் இருட்டு. கரண்ட் இல்லை. காற்றில் கம்பம் சாய்ந்துவிட்டது, நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னால் வராது என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார். இவர் டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே சளக் என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வீட்டில் யாருக்கோ மூச்சு இழுக்கிறது போல ஆகிவிட்டது அவர் முகம்.

அப்போது, மிச்ச மீனோடு எங்கள் தெருவுக்கு வந்த மீன்காரர்தான் வழி சொன்னார்.

"எம் பொட்டில வையிங்கண்ணே. இன்னும் ஐஸ் கெடக்கு. ராத்திரி ஐஸ் கம்பெனில குடுத்து வச்சு, காலைல பத்திரமாக் கொண்டாரேன்."

இவருக்குக் கொடுக்க மனசில்லை. வேறு வழியும் இல்லை. டப்பாவைப் பாலிதீன் பையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, சங்கரா மீனுக்கும் நெத்திலிக்கும் நடுவே தன் கையாலேயே வைத்தார். சாய்க்காமல் ஓட்ட வேண்டும், பள்ளத்தில் மெதுவாகப் போக வேண்டும், வெயிலில் நிறுத்தக் கூடாது என்று மீன்காரரிடம் சொல்லிக்கொண்டே வண்டியோடு தெருமுனை வரை நடந்தார். மகளை முதன்முதலாக ஹாஸ்டலில் விட்ட அன்றுகூட அவர் இவ்வளவு புத்திமதி சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஊரே எங்கள் தோப்பு வாசலில் கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு சாட்சிப் பொருள் கொண்டுவந்திருந்தார்கள். மாமா நசுங்கிய குண்டான் ஒன்றைக் கொண்டுவந்தார். போன பொங்கலுக்குப் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தபோது அதன் மேல் அவர் வீட்டு மாடு உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார். ஆலங்கட்டி நாற்காலியின் காலை எப்படி உடைக்கும் என்று கேட்டேன். "சாஞ்சாப்ல விழுந்துச்சு டீச்சர்" என்றார்.

அளவும் ஏறிக்கொண்டே போனது. காலையில் வந்தவர்கள் நெல்லிக்காய் என்றார்கள். டீ குடித்துவிட்டு வந்தவர்கள் எலுமிச்சம்பழம் என்றார்கள். வெயில் ஏற ஏற மாமா சாத்துக்குடிக்கு வந்துவிட்டார்.

"சாத்துக்குடி அளவுல விழுந்த கட்டிய முழுசா வாயில போட்டீங்களா மாமா? வாயத் தொறங்க, அளந்து பாப்போம்" என்றேன்.

மாமா வாயை மூடிக்கொண்டார். எனக்குப் பொய் அளவு என்றாலே உடம்பெல்லாம் எரியும். ஒவ்வொருவராகப் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். பரீட்சைத் தாளுக்கு மார்க் போடுகிற வேகம் அதில் இருந்தது. என் வீட்டுக்காரர் அதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரரைக் காணோம்.

முதலில் காப்பீட்டு ஆள்தான் வந்து சேர்ந்தது. ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண். எங்கள் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி, குடையை விரித்து, போனை எடுத்துக்கொண்டு, "சேதம் எங்கங்க" என்று கேட்டது. அதே நேரம் அந்தப் பக்கமிருந்து ஹாரன் அடித்தபடி டிவிஎஸ் வந்தது. கூட்டம் வழிவிட்டது. இவர் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, டப்பாவை எடுத்து, கயிற்றைப் பல்லால் அவிழ்த்து, அந்தப் பெண்ணின் முன்னால் மூடியைத் திறந்தார்.

உள்ளே என் டப்பா அளவுக்கு ஒரு ஐஸ் கட்டி இருந்தது. அடி தட்டை, பக்கமெல்லாம் வழவழப்பு, மேலே மட்டும் கொஞ்சம் மேடு. மாமாவின் சாத்துக்குடியே தோற்றது. கூட்டத்தில் ஒருவர் கும்பிட்டார்.

அந்தப் பெண் குனிந்து உற்றுப் பார்த்தது. நிமிர்ந்தது. மறுபடி குனிந்து பார்த்தது.

"அண்ணே, இதுக்குள்ள நெத்திலி இருக்குண்ணே."

இருந்தது. ஐஸுக்கு நடுவே ஒரு நெத்திலி, கண் திறந்தபடி, எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சளாக ரெண்டு சோற்றுப் பருக்கை. அது என் புளியோதரை.

"கடல்லேர்ந்துதான மேகம் தண்ணி எடுக்குது" என்றார் மாமா. கூட்டத்தில் ரெண்டு பேர் தலையாட்டினார்கள்.

மீன்காரர்தான் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார்.

"நாந்தான் மேடம். புதுக்கோட்டை போயித் தொறந்து பாத்தா புளியங்கொட்டை அளவுதான் இருந்துச்சு. அண்ணே மூஞ்சி ஞாபகம் வந்துருச்சு. மனசு கேக்கல. கொஞ்சம் தண்ணி ஊத்தி வளத்துட்டேன். இருட்டுல ஊத்துனதுல மீனு உள்ள போனது தெரியல."

முதலில் சிரித்தது நான்தான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அடக்க முடியவில்லை. அந்தப் பெண் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது, குடை குலுங்கியது. நாற்காலிக்காரர் உடைந்த நாற்காலியில் உட்காரப் போய்க் கீழே விழுந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஐஸை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, குழாயில் விரிசல் கண்டவரைப் போல நின்றார். விரல் வழியாகத் தண்ணீர் சொட்டியது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வருஷ உழைப்பு நார் நாராகக் கிடக்கிறது, கையில் மிச்சம் ஒரு நெத்திலி. இனிமேல் அவர் விமானம் ஏறுவதுதான் பாக்கி என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பெண் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அண்ணே, எங்களுக்கு ஐஸே வேணாம்ணே. அது எப்பவும் நாங்க வாரதுக்குள்ள கரைஞ்சுதான் இருக்கும். எலைய வச்சே பாத்துக்கலாம். வாங்க."

தோப்புக்குள் போய் ஒரு மரத்தடியில் நின்று காட்டியது. காற்றில் கிழிந்தால் இலை ஓரத்திலிருந்து நரம்பு போகிற வழியிலேயே நேராகக் கிழியுமாம். ஆலங்கட்டி நரம்பு, ஓரம் எதையும் பார்க்காமல் விழுந்த இடத்தில் பொத்துக்கொண்டு போகும். நடு நரம்பிலும் மரத்தின் பட்டையிலும் காயம் இருக்கும். ராத்திரி தாண்டியதும் காயம் கறுத்துப்போகும். அந்தக் கறுப்புத் தழும்பை அளந்தால் விழுந்த கட்டியின் அளவு ஓரளவு பிடிபட்டுவிடும். இங்கே ரெண்டு விதக் கிழிசலும் கலந்து இருக்கிறது, எது எவ்வளவு என்று பார்க்கணும் என்றது. பையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தது.

"ஸ்கேல் வேணாம்மா" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கொட்டகைக்கு நடந்தார். வெர்னியரோடு வந்தார்.

அடுத்த கொஞ்ச நேரம் அவர் சிங்கப்பூரில் இருந்தார். மரம் மரமாகத் தழும்பை அளந்து சொன்னார், அந்தப் பெண் போனில் ஏற்றியது. தழும்பு கரையாமல் நின்று அளவு கொடுத்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. ஒரு தழும்பை மாமா கை நகத்தால் பெரிதாக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "சித்தப்பா, தள்ளி நில்லுங்க" என்று அதட்டினார்.

கடைசியில் அந்தப் பெண் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தது.

"நேர்ல பாத்த ஒருத்தர் வாய்மொழியும் வேணும். கட்டி எந்த அளவு இருந்துச்சு? யாராச்சும் ஒருத்தர் மட்டும் சொல்லுங்க."

"டீச்சரக் கேளுங்க" என்றார் மாமா. "அது வாயில பொய்யளவு வராது. காலைலேர்ந்து எங்க மானத்த வாங்கிக்கிட்டு இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அளவு தெரியும். நெல்லிக்காய். இவர் வெர்னியரில் பார்த்த இருபத்தாறையும் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான். இவர் என்னைப் பார்க்கவில்லை. எண்ணெய்த் துணியால் வெர்னியரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து, மெதுவாகச் சுற்றி, கவனமாக முடிச்சுப் போட்டார். பயணத்துக்குக் கொண்டுபோகிற பொருளைச் சுற்றுவது போல இருந்தது அது.

என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே எழும்பி விரிந்தன.

"எளநீ அளவு" என்றேன்.

அந்தப் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கியது.

"எளநீயா மேடம்?"

"ஆமா. நல்ல செவ்வெளநீ."

மாமா என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஆத்தா, கொஞ்சம் கொறச்சுக்க" என்றார் மெதுவாக.

நான் குறைக்கவில்லை. விரித்த கையை அப்படியே வைத்திருந்தேன். காது ரெண்டும் சூடாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, முதலில் என் கைகளைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். குழாயில் ஒரு இடத்தை அளந்துவிட்டு, நம்பாமல் மறுபடி அளக்கிற பார்வை அது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

"மேடம் என்ன சப்ஜெக்ட் எடுக்கறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டது.

"கணக்கு."

அது உதட்டைக் கடித்துக்கொண்டு, "நான் தழும்புல வந்த அளவையே போட்டுக்கறேன் மேடம்" என்றது. பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தெளிவாகச் சொன்னது. ஆலங்கட்டிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இலை வாழை என்பதால் குருத்து மறுபடி வரும், எவ்வளவு சேதம் என்று மேலேதான் முடிவு செய்வார்கள், கிடைக்கும் என்றோ கிடைக்காது என்றோ தன்னால் இப்போது சொல்ல முடியாது என்றது. குடையை மடக்கி வைத்துவிட்டு, மீன்காரரிடம் அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு கிளம்பியது.

கூட்டமும் கலைந்தது. மாமா போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். நான் மதிய வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்தேன். இவர் கூடவே வந்தார். பாதி தூரம் வந்தோம்.

"எளநீயா?" என்றார்.

"எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு."

"நான் இருபத்தாறுன்னு சொன்னேன்ல."

"நீங்க அளந்தது கரைஞ்சது போக மிச்சம்."

அவர் நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை. நின்றால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்று தெரிந்தது. நாலடி முன்னால் போன பிறகு, பின்னால் அவர் போனில் பேசுவது கேட்டது. சிங்கப்பூர்ச் சிநேகிதரோடு பேசும்போது மட்டும் அவருக்குக் குரல் உயரும்.

"இல்லப்பா, நான் வரல. வேற ஆளப் பாத்துக்க. வாழையா? வாழை போச்சு, ஒரு எலைகூட மிச்சமில்ல. இன்சூரன்ஸும் ஒண்ணும் உறுதியில்ல. அதுக்கில்லப்பா. வீட்ல விட மாட்டேங்குறாங்க."

நான் அவரைப் போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இளநீர் என்று மட்டும்தான் சொன்னேன்.